இலை போடுவதற்கு முன்னால்

மாதத்தில் 20, 22 நாள் என் சாப்பாடு ஓட்டலில்தான். லாரிகளை நிறுத்தி எடை போடும் எடை மேடைகளைப் பழுது பார்ப்பது என் தொழில். வீடு கரூரில். திங்கட்கிழமை விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் நாமக்கல், திண்டுக்கல், விருதுநகர், சிவகாசி, தூத்துக்குடி என்று சுற்றிவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வீடு வந்து சேருவேன். எடை மேடைக்கு வருடா வருடம் அரசு முத்திரை வாங்க வேண்டும். அந்த நேரம் நெருங்கினால் சனி, ஞாயிறும் போய்விடும். 19 வருடமாக இதே ஓட்டம்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கண் மங்கியது. எடை காட்டும் பெட்டியில் சிவப்பாக ஓடும் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் சொன்னதும் மனைவி விடவில்லை, மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். வெறும் வயிற்றில் சர்க்கரை 168. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. அது 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று கணக்கு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக அதில் கணக்கிட்டிருந்தார்கள். செய்தித்தாளில் அதைப் பார்த்தபோது, தினமும் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்களில் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் மனிதர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், லாரி டிரைவர்கள், வசூலுக்குப் போகிறவர்கள், லாட்ஜில் தங்கிப் படிக்கும் பையன்கள். ஓட்டலில் சாப்பிடுவதைக் குறையுங்கள் என்ற அறிவுரை எங்களுக்கு உதவாது. ஓட்டலிலேயே எப்படிச் சாப்பிடுவது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் டாக்டர் அந்த அறிவுரையைச் சொல்லவில்லை. வேலையைக் கேட்டார், ஊர்களைக் கேட்டார். மாத்திரை எழுதினார். அப்புறம் சொன்னார்: "ஒரு நோட்டு வாங்கிக்கங்க. ஒரு மாசம் எழுதுங்க. நீங்க ஆர்டர் பண்ணினது இடது பக்கம், உங்க இலைக்கு வந்தது வலது பக்கம்."

இடது பக்கம், வலது பக்கம் என்று ஏன் பிரிக்கச் சொன்னார் என்று அப்போது புரியவில்லை. ஒரு வாரம் எழுதியதும் புரிந்துவிட்டது. இடது பக்கத்தில் "2 இட்லி, 1 காபி" என்று ஒரு வரி இருக்கும். வலது பக்கத்தில் 2 இட்லி, ஒரு வடை, இரண்டு கரண்டி சாம்பார், மூன்று சட்னி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. வடையை நான் கேட்கவில்லை. "சூடா இருக்கு, வைக்கட்டுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே வைத்துவிட்டார்கள். மதியத்தில் இடது பக்கம் "சாப்பாடு" என்ற ஒரே சொல், வலது பக்கம் பத்துப் பன்னிரண்டு வரி. ராத்திரி இடது பக்கம் "2 தோசை", வலது பக்கம் அந்த 2 தோசைமேல் நான் கேட்காமலே சுற்றி ஊற்றிய எண்ணெய். மாதம் முடிந்து நோட்டைப் புரட்டியபோது, எனக்குக் கேடு செய்ததில் பெரும்பகுதி நான் கேட்காமலே வந்தது என்று தெரிந்தது. ஆசைப்பட்டுத் தின்றிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. இலையோ தட்டோ வருவதற்கு முன்னால் பேசிவிடுவேன். வந்தபிறகு "இது வேண்டாம்" என்றால் அதைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், நாமும் வீணாக்க மனமில்லாமல் தின்றுவிடுவோம். பேச வேண்டிய நேரம் அதற்கு முந்தைய அரை நிமிடம்தான்.

காலையிலிருந்தே சொல்கிறேன். நம் ஊர் ஓட்டலில் காலைப் பலகாரம் அவ்வளவு மோசமில்லை. ஆவியில் வெந்த இட்லி, அரிசியோடு உளுந்தும் சேர்ந்து புளித்த மாவு, பருப்பும் காயும் போட்ட சாம்பார். இதைவிட நல்ல ஓட்டல் டிபன் வேறு எங்கே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே பூரியும் பொங்கலும் இருக்கின்றன. பொங்கலில் எவ்வளவு நெய், அது நெய்தானா டால்டாவா என்பது மாஸ்டருக்கு மட்டுமே தெரியும். பூரி எண்ணெயில் குளித்து வருவது கண்ணுக்கே தெரிகிறது. நான் 3 இட்லியோடு நிறுத்திக்கொள்கிறேன். சாம்பாரைக் கிண்ணத்தில் வாங்கி, அடியில் தங்கிய காயையும் பருப்பையும் கரண்டியால் அள்ளிப் போடச் சொல்கிறேன். "அடியில இருந்து எடுத்து ஊத்துங்கண்ணே" என்று சொன்னால் போதும். நாமக்கல் பக்கம் என்றால் அவித்த முட்டை எந்தக் கடையிலும் இருக்கும். மூன்றாவது இட்லிக்குப் பதிலாக இரண்டு முட்டை சேர்த்துக்கொண்டால் மதியம் ஒரு மணி வரை பசி எடுப்பதில்லை.

தோசைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் நான் அங்கேதான் உட்காருவேன். மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்து, மாவை ஊற்றிச் சுற்றுவார். அடுத்து மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலைக் கவிழ்த்து மேலே ஒரு சுற்று, ஓரத்தில் ஒரு சுற்று. திருப்பிப் போட்டால் இன்னொரு சுற்று. கூட்டமான நேரத்தில் கல்லில் எட்டு தோசை இருக்கும், எட்டுக்கும் ஒரே கைவீச்சில் ஊற்றிவிடுவார். அந்த வேகத்தில் யாருடைய தோசை எது என்று அவர் பார்க்க முடியாது. அதனால் சர்வரிடம் சொல்லும்போதே "கல் தோசை, எண்ணெய் கம்மி" என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அவர் அப்படியே கத்துவார். நன்றாகப் பழகிய கல்லில் எண்ணெய் இல்லாமலே தோசை எழும்பி வரும். பாதியாக வெட்டிய வெங்காயத்தைக் கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்து ஊற்றித் தந்த மாஸ்டர்கள் நிறையப் பேர். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. ரோஸ்ட் கேட்டுவிட்டு எண்ணெய் வேண்டாம் என்றால்தான் அவருக்குச் சிரமம். முறுகல் எண்ணெயில்தானே வருகிறது.

காபிதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. நோட்டில் ஒரு நாளைக்கு ஐந்து காபி, டீ இருந்தது. மில் ஆபீசில் ஒன்று, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒன்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 40 கிராம் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, சாதாரணமாகச் சாப்பிடும் ஒரு ஆளுக்கு நாளெல்லாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல உடம்புக்கான கணக்கு அது. எனக்கோ காபி, டீயிலேயே 40.

தமிழ்நாட்டு டீக்கடையில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: வித்தவுட். "அண்ணே, ஒரு வித்தவுட்" என்றால் போதும், எந்த ஊரிலும் புரியும். முதல் பத்து நாள் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் டிகாக்ஷனின் வாசனையும் பாலின் இனிப்பும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. இப்போது யாராவது தெரியாமல் சர்க்கரை போட்டுவிட்டால் ஒரு வாயோடு வைத்துவிடுகிறேன். ஜூஸ் கடையில் மட்டும் கவனம் வேண்டும். "சர்க்கரை வேண்டாம்" என்றால் சில கடைகளில் சர்க்கரையைத்தான் போட மாட்டார்கள், பாட்டிலில் இருக்கும் பாகை ஊற்றிவிடுவார்கள். பாகும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது நான் ஜூஸையே விட்டுவிட்டு, வண்டியில் விற்கும் கொய்யாவில் இரண்டு வாங்கிக்கொள்கிறேன். உப்பும் மிளகாய்த்தூளும் தடவ வேண்டாம் என்று அங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். சர்க்கரைக்காரனுக்குப் பெரிய பரீட்சை அதுதான்.

ஒரு நாள் சிவகாசியில் மழை. வெளியே போக முடியாமல் லாட்ஜ் அறைக்கே பார்சல் சாப்பாடு வாங்கிவந்தேன். ரிப்பேருக்கு வந்த சின்ன மேஜைத் தராசு ஒன்று பையில் இருந்தது. அதைச் சரிசெய்து, சோதனைப் படிக்கல் வைத்துப் பார்த்துவிட்டு, தொழில் புத்தியில் பார்சலைப் பிரித்து ஒவ்வொன்றாக எடை போட்டேன். இலைக்கும் பேப்பருக்கும் கழித்து, சோறு மட்டும் 580 கிராம். பொரியல் 45 கிராம். கூட்டு 60. வெந்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து. அப்படியானால் ஒரே வேளையில் 160 கிராமுக்கு மேல். எதிர்ப்பக்கத்தில் காய் ஒரு கைப்பிடி. எடை மேடையில் இப்படி ஒரு பக்கம் சாய்ந்தால் எடையை உணரும் லோடு செல் கெட்டுவிட்டது என்று கழற்றிவிடுவேன். அன்றைக்குச் சோற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் தின்றேன். மிச்சத்தை லாட்ஜ் வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பிடும் தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நம் வாழையிலைதான் ஞாபகம் வந்தது. நடுநரம்புக்கு மேல் காய், கூட்டு, பச்சடி. கீழே சோறு. இலையைப் போடும் முறையிலேயே பாதிக்குப் பாதி என்று இருக்கிறது. பரிமாறும்போதுதான் கீழ்ப்பாதி மலையாகவும் மேல்பாதி பொட்டாகவும் மாறிவிட்டது.

சரி, ஓட்டலில் இதை எப்படி நேராக்குவது? அளவில்லாச் சாப்பாடு போடும் மெஸ்ஸில் சோற்றுக்கு மட்டும்தான் அளவில்லை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பொரியலையும் கூட்டையும் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. நான் கேட்டுப் பார்த்தேன், வைத்தார்கள். இப்போது உட்கார்ந்ததுமே சொல்லிவிடுகிறேன்: "அண்ணே, சோறு ஒரு கரண்டி போதும். பொரியலும் கூட்டும் ரெண்டு தடவை வைங்க. அப்பளம் வேண்டாம்." சில இடங்களில் கூடுதல் பொரியலுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். கொடுத்துவிடுகிறேன். மாத்திரைக்குக் கொடுப்பதைவிட அது மலிவு. உருளைக்கிழங்கு, சேனை, வாழைக்காய் வறுவல் வைத்தால் அதைக் காய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நாளில் கீரையோ அவியலோ கிடைக்குமா என்று பார்ப்பேன். இல்லையென்றால் சாம்பாரில் உள்ள முருங்கைக்காயும் கத்தரிக்காயும்.

அடுத்தது சாப்பிடும் வரிசை. சோறு வரும்வரை காத்திருக்காமல் பொரியலையும் கூட்டையும் முதலில் தின்றுவிடுவேன். இதை டாக்டர்தான் சொன்னார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015-ல் 11 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வு ஒன்றையும் எடுத்துச் சொன்னார். அதே உணவு, அதே அளவு. காயையும் கோழிக்கறியையும் முதலில் தின்று ரொட்டியைக் கடைசியில் தின்ற நாளில், ரொட்டியை முதலில் தின்ற நாளைவிடச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். அதனால் என் உடம்பிலேயே பார்த்துவிட முடிவு செய்தேன். விருதுநகரில் நான் வழக்கமாகச் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில், அடுத்தடுத்த இரண்டு செவ்வாய்க்கிழமை, அதே இரண்டு கரண்டி சோறு, அதே சாம்பார், அதே அவரைக்காய்ப் பொரியல். முதல் வாரம் வழக்கம்போலச் சோற்றோடு பிசைந்து தின்றேன், இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 228. அடுத்த வாரம் பொரியலையும் கூட்டையும் முழுக்க முடித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தேன், 187. டாக்டர் எனக்குச் சொன்ன எல்லை 180. வரிசையை மாற்றியதிலேயே அதன் வாசல்வரை வந்துவிட்டேன். சோற்றையும் ஒரு கரண்டியாக்கியபோது உள்ளே போய்விட்டேன்.

ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் வாங்கிக் குடிக்கிறேன். குழம்பு, ரசம், தயிர் என்று மூன்று தடவை சோறு வாங்கும் வழக்கத்தில் இரண்டு தடவை இப்படியே கழிந்துவிட்டது. மோர் நல்லதுதான், ஆனால் பல இடங்களில் உப்பு கரிக்கும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கரிக்கும் மோர் எல்லாம் சேர்ந்தால் நாளுக்கு 5 கிராம் என்ற உப்புக் கணக்கு ஒரே வேளையில் தீர்ந்துவிடும். எனக்கு ரத்த அழுத்தமும் எல்லையில் நிற்கிறது. அதனால் உப்பு போடாத கெட்டித் தயிர் ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். குறைத்துச் சாப்பிடுவது வேறு, வேளை தவறுவது வேறு. கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை படாரென்று இறங்கிவிடும். எனக்கு ஒரு குவாரியில் அப்படி ஆனது. காலை மாத்திரை போட்டிருந்தேன், வேலை இழுத்துக்கொண்டே போய் மூன்று மணி ஆகிவிட்டது. கை நடுங்கி, சட்டை நனைந்து, ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடியவில்லை. அங்கே இருந்த லாரி டிரைவர் ஒருவர் பார்த்த உடனே புரிந்துகொண்டு, டாஷ்போர்டிலிருந்து நாலு மிட்டாய் எடுத்துக் கையில் திணித்தார். அவருக்கும் சர்க்கரை. அன்றிலிருந்து என் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் வறுகடலை ஒரு பொட்டலமும் எப்போதும் இருக்கும்.

அந்த வறுகடலை நெடுஞ்சாலை ஓட்டல்களிலும் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ராத்திரி பஸ் நிற்கும் ஓட்டலை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, டிரைவர்தான் நிறுத்துகிறார். ஒரு முறை அப்படி ஓர் இடத்தில் சப்பாத்தி கேட்டேன். வந்தது மைதாவும் எண்ணெயுமாக, பரோட்டாவின் தம்பி மாதிரி இருந்தது. குருமாவில் மேலே ஒரு விரல் எண்ணெய். கேட்டால் "இருக்கிறது இதுதான்" என்றார்கள். அதுமாதிரி இடங்களில் இப்போது தண்ணீர் பாட்டிலும் இரண்டு வாழைப்பழமும் வாங்குவதோடு சரி. கூடவே கடலை. பஸ் ஏறுவதற்கு முன்னால் ஏழு மணிக்கே நாலு இட்லி சாப்பிட்டுவிடுவது இன்னும் நல்லது.

எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கெட்ட சேர்மங்கள் சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி நம் கையில் இல்லை. ஆனால் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து, பிசுபிசுவென்று நுரை அடங்காமல் நின்று, பக்கத்தில் போனாலே தொண்டை கமறினால் அந்தக் கடையில் பொரித்த எதையும் தொடுவதில்லை. காலையில் முதல் ஈடு வடை போடும்போது ஆசைக்கு ஒன்று தின்பேன். சாயங்காலம் அதே சட்டியில் போடும் பஜ்ஜி வேண்டாம்.

விருதுநகர்க்காரர்கள் முன்னால் எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றித் தப்பாகப் பேச எனக்கு வாய் வராது. அகலமான சட்டியில் எண்ணெயிலேயே மொறுமொறுவென்று பொரித்தெடுத்து, கையால் நொறுக்கி, மேலே சால்னா ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடும்போது கிடைக்கும் ருசி வேறு எதிலும் கிடையாது. 15 வருடம் செவ்வாய்க்கிழமை ராத்திரி எனக்கு அதுதான். ஒரேயடியாக விட்டுப் பார்த்தேன். மூன்று மாதம் ஆனதும் ஒரு நாள் தாங்காமல் நாலு தின்றுவிட்டேன். ஒரேயடியாக விடுவது எனக்குச் சரிப்படவில்லை. இப்போது மாதம் ஒரு தடவை, ஒரு பரோட்டா. அதுவும் ஏழரை மணிக்குள். கூட ஒரு கலக்கி, ஒரு கைப்பிடி வெங்காயம், கொஞ்சம் நாட்டுக்கோழிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருபது நிமிடம் நடப்பேன். மற்ற செவ்வாய்களில் இடியாப்பமோ முட்டை தோசையோ. சால்னாவை மட்டும் விடவில்லை. மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஊற்றச் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் வாடிக்கையாளர்கள் பிரியாணிக்கு அழைத்துப் போவார்கள். மறுத்தால் மனது புண்படும். அது நியாயமும்கூட. சீரகச் சம்பா வாசனைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சர்க்கரை, டயட் என்று பேசினால் அழைத்தவருக்கும் சாப்பாடு இறங்காது. நான் போகும் வழியிலேயே "முதலாளி, நாம ரெண்டு பேரும் ஒரு பிரியாணியைப் பிரிச்சுக்குவோம். மட்டன் சுக்கா ஒண்ணு சொல்லிக்குவோம்" என்று சொல்லிவிடுவேன். கறியையும் தயிர் வெங்காயத்தையும் முதலில் தின்று, கடைசியில் பிரியாணி. இதுவரை யாரும் வருத்தப்படவில்லை. ஒரு முதலாளி, "எனக்கும் இதே வியாதிதான், வெளிய சொல்றதில்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

குடும்பத்தோடு நகரத்து ரெஸ்டாரண்டுக்குப் போனால் கதை வேறு. பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஓட்டல்கள் மெனு கார்டில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எத்தனை கலோரி என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையிலிருந்து இருக்கிறது. என் மகள் அதைப் படித்துக் கூட்டிச் சொல்வாள், அவளுக்கு அது விளையாட்டு. நான் பார்ப்பது மூன்றே மூன்று. கோபி மஞ்சூரியன் மாதிரிச் சிவக்கச் சிவக்கப் பொரித்து வருவதைத் தவிர்த்துவிட்டுச் சுட்ட தந்தூரி, வெட்டிய வெள்ளரி, தக்காளி. வெண்ணெய் தடவிய நானுக்குப் பதில் வெறும் தந்தூரி ரொட்டி, அது கோதுமைதானா என்று கேட்டுக்கொண்டு. குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர். சிறுதானியம் என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் இல்லை. குதிரைவாலிப் பொங்கலிலும் அதே அளவு நெய் மிதக்கலாம், தினைக் கேசரியிலும் சர்க்கரைதான். அதைவிட, வெயில் நாளில் ரோட்டோரத் தள்ளுவண்டியில் கம்பங்கூழை மோர் ஊற்றிக் கரைத்து, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பது எனக்கு மேல்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி பரிசோதனை. 8.1 என்பது 7.4 ஆகி, 6.9 ஆகி, இப்போது 6.6-ல் நிற்கிறது. மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது.

விருதுநகர் மெஸ்ஸைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அங்கே பரிமாறும் அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். நான் விரலில் குத்தி எழுதிக்கொண்டிருந்ததை அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் பார்த்திருக்கிறார். அதிலிருந்து நான் உட்கார்ந்ததும் கேட்காமலே சோற்றுக்கு முன்னால் பொரியல் வந்துவிடும். போன ஆடி மாதம் கூட்டம் குறைந்த ஒரு மதியம், இலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சார், இது யாருக்கும் ஒத்துக்குமா? எனக்கும் பதினோரு வருசமா சுகர்."

நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். நாலு மணிக்கு, கடை ஓய்ந்தபிறகு என்றார். என்ன சாப்பிடுவீர்கள்? "மிச்சம் இருக்கிறதுதான் சார். சோறும் சாம்பாரும் இருக்கும். பொரியல் எங்களுக்கு நிக்காது." ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு அவர் பொரியல் வைக்கிறார். அவர் இலைக்கு அது வந்ததே இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரையை ஒரு மணிக்கே போட்டுவிட்டு நாலு மணி வரை நின்றுகொண்டே பரிமாறுகிறார். அதைக் கேட்டதும் குவாரியில் நடுங்கிய என் கைதான் ஞாபகம் வந்தது. எனக்கு நடந்ததை அவரிடம் சொன்னேன். மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். கல்லாவில் இருந்த முதலாளியிடமும் போய்ப் பேசினேன். அவர் நல்ல மனிதர், "இதை ஏன் இத்தனை வருசமா எங்கிட்ட சொல்லல" என்று அண்ணனைக் கடிந்துகொண்டார்.

போன மாதம் போனபோது சமையல்கட்டின் வாசலில், தண்ணீர் டிரம்முக்கு மேலே உள்ள பலகையில், தட்டு போட்டு மூடிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று இருந்தது. அண்ணன் என்னைக் கூப்பிட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே புடலங்காய்ப் பொரியல், கிண்ணம் நிறைய. "பன்னெண்டு மணிக்கு முதல் இலை போடுறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிடுறோம் சார்" என்றார். பக்கத்திலேயே இன்னும் இரண்டு கிண்ணம் மூடி வைத்திருந்தார்கள்.